செவி வழிச் செல்வம்: கி.ரா.வும் கரிசல் மண்ணும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. மழைக்காலத்தில் பத்துப் பேர், கோடையில் முப்பது பேர் என்று கூடிய கூட்டங்களை நான் அறிவேன். பேச வந்தவரும் தலைமை தாங்கியவரும் தேநீர் கொண்டு வந்தவரும் மட்டுமே அவையினராக இருந்த ஒரு மாலையும் உண்டு. அன்றும் கூட்டம் நடந்தது. அத்தகைய வட்டத்தின் நிறைவு விழாவில், “நம் மண்ணின் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி, அவர் எதனால் எழுத்தாளர் ஆனார் என்பது பற்றிப் பேசுங்கள்” என்று அமைப்பாளர் கேட்டுக்கொண்டார். கரிசல் நிலத்தில் பிறந்த எனக்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் அவர்களைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை.

அவரைப் பற்றிப் பேசும் முன்னர் என்னைப் பற்றி ஒன்று கூற வேண்டும். இது பெருமைக்குரிய செய்தியன்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இளங்கலை முதலாண்டு மாணவியரின் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றிய கட்டுரை. ஒரு மாணவி, மழை பொய்த்ததால் சம்சாரிகள் கலங்கிப்போனார்கள் என்று எழுதியிருந்தாள். ‘சம்சாரிகள்’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘உழவர்கள்’ என்று எழுதினேன். அரை மதிப்பெண் குறைத்தேன். மறுநாள் அந்த மாணவி துறை அறைக்கு வந்து, கதவோரமாக நின்றாள். “அம்மா, எங்க அப்பா சம்சாரிதாம்மா. எங்க ஊர்ல உழவர்னு யாரையும் சொல்ல மாட்டாங்க” என்றாள். அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். “ஊரில் சொல்வது வேறு; தேர்வில் எழுதுவது வேறு” என்று கூறி அனுப்பிவிட்டேன். தாளைத் தாங்கி நின்ற அவள் விரல்கள் பருத்தி எடுத்துப் பழகியவை என்பது அவள் திரும்பிச் சென்றபோதுதான் என் கண்ணில் பட்டது.

அன்று மாலை கி.ரா.வின் நூலொன்றை எடுத்துப் புரட்டினேன். பக்கத்திற்குப் பக்கம் சம்சாரி இருந்தார். பொதுத்தமிழில் சம்சாரி என்றால் குடும்பத்தைச் சுமப்பவர். கரிசல் தமிழில் சம்சாரி என்றால் விவசாயி. நிலத்தைச் சுமப்பதும் குடும்பத்தைச் சுமப்பதும் ஒன்றே என்று ஒரு மண் தன் அனுபவத்தால் கண்டுகொண்ட உண்மை அச்சொல்லுக்குள் இருக்கிறது. நான் அடித்துத் திருத்தியது ஒரு பிழையை அன்று. ஒரு வாழ்க்கைப் பார்வையை. அன்று தொடங்கி, கி.ரா.வை மீண்டும் முதலிலிருந்து படித்தேன். அந்த மறுவாசிப்பின் பயனே இன்றைய உரை.

அவையோர்களே, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் இருப்பது இடைசெவல் என்னும் சிற்றூர். பேருந்தில் கண்ணயர்ந்தால் தவறவிட்டுவிடக்கூடிய ஊர். 1923 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் அவ்வூரில் ஒரு குழந்தை பிறந்தது. அதே திங்கள் 23 ஆம் நாள் மற்றொரு குழந்தை பிறந்தது. முதற்குழந்தை கி. ராஜநாராயணன். இரண்டாங்குழந்தை கு. அழகிரிசாமி. ஒரே ஊரில் ஒரு வார இடைவெளியில் பிறந்து, ஒன்றாகவே வளர்ந்து, இருவருமே சாகித்திய அக்காதெமி விருது பெற்ற நிகழ்வு வேறெங்கேனும் உண்டா என்று நான் பலமுறை வியந்ததுண்டு. அழகிரிசாமிக்கு அவ்விருது, அவர் மறைந்த 1970 ஆம் ஆண்டிற்கு உரியதாக வழங்கப்பட்டது. கி.ரா.வுக்கு 1991 இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ புதினத்திற்காக வழங்கப்பட்டது.

ராயங்கல ஸ்ரீ கிருஷ்ண ராஜ நாராயணப் பெருமாள் ராமானுஜம் என்பது கி.ரா.வின் முழுப்பெயர். பெயரின் நீளத்திற்குப் பள்ளிப் படிப்பு ஈடுகொடுக்கவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். உடல்நிலையும் ஒத்துழைக்கவில்லை, இளமையிலேயே காசநோய் அவரை வருத்தியது. வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. பட்டமும் இல்லை, உடல்வலிமையும் இல்லை, தாய்மொழியும் தமிழன்று. இத்தகைய ஒருவரைத் தமிழ் உரைநடையின் முன்னோடியாக்கியது எது? இவ்வினாவிற்கு நான் கண்ட விடை ஒன்றே. அது அவருடைய செவி.

அந்தச் செவியைப் பழக்கியவை மூன்று. இசை, நட்பு, ஊரார் பேச்சு.

முதலாவது இசை. எழுத்தாளர் ஆவதற்கு முன்னர் அவருக்கு இருந்த பெரு வேட்கை இசையே. விளாத்திகுளம் சுவாமிகள் என்று மக்கள் அழைத்த நல்லப்ப சுவாமிகள் அக்காலத்தில் இப்பகுதியில் வாழ்ந்தார். பாடல் வரிகளைச் சார்ந்திராமல், ஓர் இராகத்தை எடுத்து மணிக்கணக்கில் விரித்துப் பாடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவரிடம் கி.ரா. இசை பயின்றார். நோயின் காரணமாகப் பாடும் ஆசை நிறைவேறவில்லை. ஆயினும் அந்தப் பயிற்சி வீண் போனதாக நான் கருதவில்லை. அவருடைய கதைகளில் ஒரு செய்தியைச் சொல்லி முடித்ததும் அடுத்த நிகழ்ச்சிக்கு ஓட மாட்டார். அதே செய்தியைச் சுற்றி வருவார். ஒரு கிளைக்கதை சொல்வார். ஒரு பழமொழியைத் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்வார். திறனாய்வாளர் சிலர் இதனைக் கட்டுக்கோப்பின்மை என்று குறை கூறினர். எனக்கோ இது இராக ஆலாபனையின் அமைப்பாகவே தோன்றுகிறது.

இரண்டாவது நட்பு. அழகிரிசாமி ஊரை விட்டுச் சென்னைக்குச் சென்றார். பின்னர் மலேயா சென்று ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றினார். கி.ரா. ஊரிலேயே தங்கினார். ஒருவர் சென்றார், ஒருவர் நின்றார்; இருவருக்கும் நடுவே அஞ்சல் உறைகள் நடந்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பாதுகாத்து வைத்தார், பின்னாளில் அவை நூலாக வெளிவந்தன. இசையைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் இரண்டு இளைஞர்கள் எவ்வளவு பசியோடு பேசியிருக்கிறார்கள் என்பது அந்நூலால் புலனாகிறது. கி.ரா.வின் உரைநடைக்குக் கடிதமே பயிற்சிக்களமாக இருந்தது என்பேன். நண்பருக்கு எழுதுபவர் இலக்கண நடையில் எழுத மாட்டார். எதிரே அமர்ந்திருப்பவரிடம் பேசுவது போலவே எழுதுவார். பிற்காலத்தில் ‘ஜூனியர் விகடன்’ இதழில் அவர் எழுதிய தொடருக்குக் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்று பெயர் அமைந்தது மிகப் பொருத்தமே. வாசகரும் அவருக்கு ஒரு நண்பரே.

இவ்விரு நண்பர்களையும் அன்பால் ஆட்கொண்டவர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் நடந்த ‘வட்டத்தொட்டி’ என்னும் கூட்டத்தை இங்கே நினைவுகூர்வது, நாமும் ஒரு வட்டம் என்பதால் தகும். கவிதையைக் கண்ணால் படிப்பதோடு நின்றுவிடாமல், வாய்விட்டுச் சொல்லிச் செவியால் நுகர வேண்டும் என்பது டி.கே.சி.யின் நெறி. அந்த நெறியைக் கி.ரா. கவிதையிலிருந்து எடுத்து மக்கள் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார். கம்பனுக்கு டி.கே.சி. கொடுத்த செவியை, கி.ரா. களத்து மேட்டில் பேசும் கிழவருக்குக் கொடுத்தார். தம் ஆசானைப் பற்றி ‘மாந்தருள் ஒரு அன்னப்பறவை’ என்னும் நூலும் எழுதிக் கடன் தீர்த்தார்.

மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது, ஊரார் பேச்சு. கி.ரா. சம்சாரியாக வாழ்ந்தவர். வானம் பார்த்த பூமியில் பயிரிடுபவருக்கு வேலை மிகுந்த நாள்களும் உண்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நாள்களும் உண்டு. காத்திருக்கும் நாள்களே கதைக்கு உரிய நாள்கள். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த அந்த மண்ணில் கதையும் ஒரு மானாவாரிப் பயிர். அதனை அறுவடை செய்தவர் அவர்.

கேட்டுக்கொண்டே இருந்ததால், எழுதத் தொடங்கக் காலம் தாழ்ந்தது. 1950களின் இறுதியில்தான் அவருடைய ‘மாயமான்’ சிறுகதை ‘சரஸ்வதி’ இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதின் நடுப்பகுதியைத் தாண்டியிருந்தது. இடையில் அவர் பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார், விவசாயிகளின் போராட்டங்களில் பங்கேற்றார், சிறையும் சென்றார். விவசாயியின் துன்பத்தை அவர் வேடிக்கை பார்த்து எழுதியவரல்லர்.

இதற்குச் சான்றாக ‘கதவு’ என்னும் சிறுகதை ஒன்றே போதும். ஓர் ஏழைத் தாயின் குடிசை. அந்த வீட்டின் பழைய கதவைக் குழந்தைகள் பேருந்தாக்கி ஆடி விளையாடுகிறார்கள். தீர்வை கட்டவில்லை என்று கிராம அதிகாரத்தினர் அக்கதவைக் கழற்றிச் சென்றுவிடுகிறார்கள். கதவில்லாத வீட்டில் குளிர் புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகொரு நாள் எங்கோ போட்டுவைத்திருக்கும் தங்கள் கதவைக் குழந்தைகள் கண்டுபிடித்துத் தழுவிக்கொள்கிறார்கள். கதையில் எங்கும் முழக்கம் இல்லை, அறைகூவல் இல்லை. ஒரு பலகையும் சில குழந்தைகளும் மட்டுமே உள்ளனர். இக்கதையை வகுப்பில் படிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் மாணவியர் பேச்சற்றுப் போவதைக் கண்டிருக்கிறேன்.

1976 இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ தமிழ்ப் புதின வரலாற்றில் ஒரு திருப்புமுனை. தெலுங்கு நாட்டிலிருந்து ஓர் இனக்குழு அச்சத்தின் காரணமாகப் புறப்பட்டு, நெடுந்தொலைவு நடந்து, கரிசல் காட்டைத் திருத்தி, ஊராக்கிக் குடியேறிய வரலாறு அது. இவ்வரலாற்றைக் கூறுபவர் யார்? கல்வெட்டு அன்று, அரசு ஆவணம் அன்று, வரலாற்றுப் பேராசிரியரும் அல்லர். மங்கத்தாயாரு அம்மாள் என்னும், நூறு வயதைக் கடந்த ஒரு பாட்டி. தம் நினைவில் இருப்பதை அவர் தம் சந்ததியாருக்குச் சொல்கிறார். ஒரு பெண்ணின் நினைவாற்றலை வரலாற்று மூலமாக ஏற்று, அதன் மீது ஒரு புதினத்தையே கட்டியெழுப்பியதைப் பெண் என்ற முறையில் நான் நன்றியோடு எண்ணிப் பார்க்கிறேன். எழுதப்படாத வரலாற்றின் ஆவணக் காப்பகம் பாட்டிமாரின் நெஞ்சமே.

இங்கே என் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு கலித்தொகையின் முல்லைக்கலியைப் பற்றியது. ஏறு தழுவும் இடத்தைக் குறிக்கும் ‘தொழு’ என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் விளக்கங்களையும் அகராதிப் பொருள்களையும் தொகுத்துப் பல பக்கங்கள் எழுதினேன். அவ்வாண்டுகளில் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம், “தொழுவுல மாடு கத்துதே, போய்ப் பாரு தாயி” என்று என் பாட்டி கூறிக்கொண்டுதான் இருந்தார். நான் எழுந்து சென்று பார்த்து வந்து, மீண்டும் அமர்ந்து, ‘தொழு’ என்னும் பழஞ்சொல்லைப் பற்றி எழுதுவேன். இரண்டும் ஒரே சொல் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. ஏட்டில் இருந்தால் சங்கச் சொல். பாட்டி வாயில் இருந்தால் கொச்சை என்று என் கல்வி எனக்குக் கற்பித்திருந்தது. ஆய்வு முடிந்து பட்டம் பெற்ற பின்னர்ச் சில ஆண்டுகளில் பாட்டி மறைந்தார். அவரிடம் நான் கேட்டு எழுதிவைத்த சொல் ஒன்றுகூட இல்லை.

நான் செய்யத் தவறியதைக் கி.ரா. செய்தார். பல்கலைக்கழகச் சார்பு ஏதுமின்றி, நண்பர்களின் துணையோடு, கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982 இல் அகராதியாக வெளியிட்டார். தமிழில் வட்டார வழக்குச் சொல்லகராதிகளுக்கு அது முன்னோடி. அதற்குப் பின்னர் வேறு வட்டாரங்களுக்கும் அகராதிகள் தோன்றின. பட்டம் பெற்ற நாங்கள் பழைய அகராதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் புதிய அகராதியை உருவாக்கினார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து, நாட்டார் கதைகளைத் திரட்டும் பணியை ஒப்படைத்து, வருகைதரு பேராசிரியராகவும் அமர்த்திக்கொண்டது. 1989 முதல் புதுவையே அவர் வாழிடமாயிற்று. ஒரு பல்கலைக்கழகம் தன் தகுதி விதிகளைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு அறிவுக்கு வாயில் திறந்த அந்நிகழ்வு, கல்வித்துறையில் இருப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாராட்டு மட்டுமே திறனாய்வு ஆகாது. கி.ரா.வின் கரிசல், பெரும்பாலும் நிலம் உடைய சம்சாரியின் திண்ணையிலிருந்து பார்க்கப்பட்ட கரிசல். நிலம் இல்லாதவரும் ஊருக்குப் புறத்தே வாழ வைக்கப்பட்டவரும் அவர் எழுத்தில் வருகின்றனர். ஆனால் அவர்களுடைய நடுவீட்டுக்குள் அவர் எழுதுகோல் மிகுதியாகச் சென்றதில்லை. இதனைக் குறையாகக் கூறுவதினும், அடுத்தவருக்கு அவர் விட்டுச் சென்ற இடமாகக் கூறுவதே பொருந்தும். கோவில்பட்டியை அடுத்த ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி, 1979 இல் வெளிவந்த ‘பிறகு’ புதினத்தில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தார். உருளைகுடி சோ. தர்மன் ‘கூகை’யும் ‘சூல்’ புதினமும் தந்தார். பூமணி 2014 இலும் சோ. தர்மன் 2019 இலும் சாகித்திய அக்காதெமி விருது பெற்றனர். வட்டாரப் பேச்சில் இலக்கியம் படைக்கலாம் என்னும் துணிவைக் கி.ரா. இம்மண்ணில் நிலைநாட்டினார், அம்மொழியில் எதனைச் சொல்வது என்பதை அவரவரே முடிவு செய்தனர். ‘கரிசல் கதைகள்’ என்னும் தொகுப்பின் வாயிலாக இளம் எழுத்தாளர் பலரைத் தமிழுலகிற்கு அறிமுகம் செய்தவரும் அவரே.

கி.ரா.வை நான் நேரில் கண்டதில்லை. புதுவைக்குப் பலமுறை சென்றும், என்றேனும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். 2021 மே 17 ஆம் நாள் அவர் மறைந்தார். பெருந்தொற்றுக் காலம், பொது முடக்கம் நடைமுறையில் இருந்தது. இடைசெவலில் அரசு மரியாதையோடு அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். பாட்டியிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பதை இருமுறை கற்றுக்கொண்டேன். 2022 இல் கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் திறக்கப்பட்டது. கட்டடம் மதிப்பிற்குரியது, வரவேற்கத்தக்கது. ஆனால் கேட்டு எழுதிய ஒருவருக்கு உரிய நினைவு, நாமும் கேட்டு எழுதுவதே அன்றோ?

எனவே நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டு முதல், ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் பத்து நிமிடங்களை ஒதுக்குவோம். உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு முதியவரிடம் கேட்டுவந்த பத்துச் சொற்களை, அவை வழங்கும் சூழலோடு, இங்கே வாசிக்கட்டும். கலப்பையின் உறுப்புகள், மேகத்தின் வகைகள், சமையற்கட்டுப் பொருள்கள், உறவுமுறைப் பெயர்கள், வசைச்சொற்களும்கூட. வெட்கப்பட வேண்டியதில்லை, கி.ரா. வெட்கப்படவில்லை. ஒருவர் ஒரு குறிப்பேட்டில் அவற்றை எழுதி வரட்டும். அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். இருபதாம் ஆண்டு மலரில் அது ஒரு சிற்றகராதியாக வெளிவரும்.

இறுதியாக, அந்த மாணவியைப் பற்றி. மறு வாரம் அவளை அழைத்து, தாளைக் கொண்டுவரச் சொன்னேன். அடித்த கோட்டை அழிக்க இயலவில்லை. சிவப்பு மை அழியாது. பக்கத்தில் ‘இச்சொல் சரியே’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “அப்பாகிட்ட காட்டலாமாம்மா?” என்று கேட்டாள். “கட்டாயம் காட்டு. அப்படியே சம்சாரி வேலையில் அவருக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வா” என்றேன். அவள் நாற்பத்திரண்டு சொற்களோடு வந்தாள். அவற்றுள் பத்தொன்பது சொற்களை நான் அறிந்திருக்கவில்லை. என் குறிப்பேட்டின் முதற்பக்கம் அவள் தந்தையுடையது.